கடற்கரைப் படத்தில் ஒரு நீலப் பொத்தான்

பிரேசிலின் வடகிழக்கே, எங்கள் ஜுவாசெய்ரோவில் சுவரில் தொங்கும் படத்தை யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை. படக்கார நொனாட்டோவிடம் அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்தால் போதும். கம்ப்யூட்டரில் கோட்டு மாட்டி, மாறுகண்ணை நேராக்கி, செத்தவரை உயிரோடிருப்பவர் பக்கத்தில் நிறுத்தித் தருவான். அதைப் பொய் என்றால் எங்களுக்குக் கோபம் வரும்.

பக்கத்து வீட்டு டோராலிசியின் புருஷன் அடால்ட்டோ, வருஷத்தில் பாதி நாள் தெற்கே சாவோ பாவ்லோ பக்கம் கரும்பு வெட்டப் போய்விடுவான். படம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் செத்த பிறகுதான் நொனாட்டோ இருவரையும் மணக்கோலத்தில் சேர்த்துவைத்தான். அந்தப் படத்துக்கு எதிரில் உட்கார்ந்துதான் டோராலிசி காப்பி குடிப்பாள். பிள்ளையில்லாதவள். அவன் தனக்கு மட்டுமே புருஷன் என்பதுதான் அவளுடைய ஒரே சொத்து.

போன மாதம் நான் டோராலிசி வீட்டில் இருந்தபோது, தெற்கேயிருந்து ஜுசிலேனி என்ற பெண் வந்தாள். அப்பாவின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று செல்போனை நீட்டினாள். கடற்கரையில் அடால்ட்டோ இன்னொருத்தியின் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறான். நடுவில் இந்தப் பெண்.

டோராலிசி சிரித்துவிட்டாள். "நல்ல கைவேல கண்ணு. எங்க நொனாட்டோக்குக்கூட இப்படி வெயில் போட வராது. யாரு செஞ்சு குடுத்தா?"

"செஞ்சதில்லம்மா, எடுத்தது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அப்பன் இல்லாத புள்ள ஒரு அப்பன ஒட்டிக்கிட்டா தப்பில்ல. அதுக்கு எம் புருஷன்தானா கெடச்சாரு?"

அதைக் கேட்டு எனக்கும் மனசு குளிர்ந்தது. வந்தவளை விரட்டத் துடைப்பம் எடுக்காத குறை.

அந்தப் பெண் அழுதுகொண்டே படத்தை விரலால் பெரிதாக்கினாள். டோராலிசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். பிறகு நிமிரவேயில்லை. அவனுடைய வெள்ளைச் சட்டையில் ஒரே ஒரு நீலப் பொத்தான். அவன் கடைசியாகத் தெற்கே கிளம்பிய அன்று, வெள்ளைப் பொத்தான் கிடைக்காமல் அவள் தைத்தது. அதைப் பார்த்து நான்கூடக் கேலி செய்தேன். படம் செய்கிற எவனும் அதை விட்டுவைத்திருக்க மாட்டான். காசு கொடுத்துக் குறையை யார் கேட்பார்கள்?

பாவி! செத்தும் நம்பவைத்துக் கழுத்தறுத்தான்.

"பாருக்கா," என்றாள் டோராலிசி என்னிடம். "பஸ்சுக்கு நேரமாச்சுன்னு கத்துனாரு. பொத்தான் இல்லாமப் போனா நாலு பேரு சிரிப்பாங்கன்னு புடிச்சு உக்கார வச்சுத் தச்சேன். அவ பக்கத்துல நல்லா நிக்கட்டும்னு நானே தச்சு அனுப்பியிருக்கேன்."