ரப்பரக்கா மூன்றில் வைத்த திருகு

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஏரிக்கரை கிளப்பில் பதினோரு வருடம் படகு ஓட்டிய நான், யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. அவரைவிட இருபது வயது மூத்த செயலாளர்கூட 'ரப்பரக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் கிளப்பில் நடப்பது ஒற்றை ஸ்கீ. படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரே பலகையில் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னுமாக வைத்து நின்று, ஆறு மிதவைகளை இப்படியும் அப்படியுமாக வளைத்துப் போக வேண்டும். ஒரு சுற்று முடித்தால் கயிற்றின் நீளத்தைக் குறைப்பார்கள். கயிறு குறையக் குறைய மிதவை எட்டாது. உடம்பைச் சாய்த்துத்தான் எட்ட வேண்டும். அப்போது காலைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கும் பைண்டிங்கை நம்பித்தான் எல்லாம்.

அந்தப் பைண்டிங்குகள் ரப்பரக்காவின் பொறுப்பு. படகுத்துறைக்கு மேலே தகரக் கூரை போட்ட சாமான் அறை. நனைந்த உடுப்புகள் தலைகீழாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருக்கும். மேசையில் கால் அளக்கும் பலகை, ரப்பருக்குள் கால் வழுக்கிப் போக சோப்புத் தண்ணீர் பாட்டில், ஒரு நீளப் புத்தகம். யார், என்ன எடை, எந்த பைண்டிங், எந்த அளவு என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பலகை வெளியே போகும்.

முப்பது வயது வரை அவரும் ஸ்கீ ஓட்டியவர்தான். அம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துபோனது. வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. தண்ணீரிலிருந்து ஏறி சாமான் அறைக்குள் போனவர், அம்மா காலமான பிறகும் அங்கேயே இருந்துவிட்டார்.

ரப்பரா, ஹார்ட் ஷெல்லா என்று யார் வந்து கேட்டாலும் அலுக்காமல் பதில் சொல்வார்.

"ரப்பர் காலைப் பிடிக்கும், ஆனா பிடிவாதம் பிடிக்காது. விழுந்தா சோப்பு கையிலேர்ந்து நழுவுற மாதிரி கால் வெளிய வந்துடும். என்ன, நாளாக நாளாக தொளதொளன்னு ஆயிடும். நீங்க திரும்புன்னா ஸ்கீ யோசிச்சுத்தான் திரும்பும்."

"ஹார்ட் ஷெல்?"

"அது ஓடு. உள்ள கால் அசையாது. நினைச்ச உடனே ஸ்கீ திரும்பும். ஆனா விழும்போதும் அது தானா விடாது. எவ்வளவு இழுத்தா விடணும்னு நாம முன்னாடியே சொல்லி வச்சிருக்கணும். அதுக்குத்தான் இந்தத் திருகு."

ஓடு உட்கார்ந்திருக்கும் தகட்டை ஒரு ஸ்பிரிங் கொக்கி பலகையோடு பிடித்திருக்கும். திருகை ஏற்றினால் கொக்கி இறுகும், இறக்கினால் தளரும். ஒன்றிலிருந்து எட்டு வரை எண்கள். தவறாக வைத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களிடம், "தளர்வா வச்சா மானம் போகும், இறுக்கமா வச்சா கால் போகும்" என்று சிரிக்காமல் சொல்வார். ஹார்ட் ஷெல் ஓட்டுக்கு அவர் எதிரி இல்லை. கைதேர்ந்த ஆட்கள் எத்தனையோ பேருக்கு அவரே பூட்டிக் கொடுத்திருக்கிறார். தான் ரப்பரில் ஓட்டியதால் வந்த பெயர் அது, அவ்வளவுதான்.

அவருடைய தங்கைதான் கிளப்பின் நட்சத்திரம். பன்னிரண்டு வயது இளையவள். கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே படகு ஓட்டுவது எனக்கே ஒரு சந்தோஷம். ஆனால் கயிற்றை மூன்றாவது தடவை குறைத்ததும் ஐந்தாவது மிதவையில் தவறாமல் விடுவாள். ரப்பருக்குள் கால் ஆடுகிறது என்றாள். அது பொய்யும் இல்லை, எனக்கே தெரிந்தது.

ஓடு வேண்டும் என்று இரண்டு மாதம் ஒற்றைக் காலில் நின்றாள். "தண்ணியிலயும் ஒத்தக் கால், தரையிலயும் ஒத்தக் காலா?" என்று அக்கா கேலி பண்ணிப் பார்த்தார். எடுபடவில்லை. கடைசியில் சரி என்றார். ஒரே நிபந்தனை, இரண்டு காலுக்கும் ஓடு போட்டு ஒரே தகட்டில் பூட்ட வேண்டும்.

"போனா ரெண்டு காலும் ஒண்ணாப் போகணும். ஒண்ணு போய் ஒண்ணு மாட்டிக்கிட்டா முடிஞ்சுது."

தங்கை அதற்கும் சம்மதிக்கவில்லை. முன்காலுக்கு ஓடு, பின்காலுக்குப் பழகிய ரப்பர் பட்டை போதும், நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றாள். நிறையப் பேர் அப்படி ஓட்டுவதும் உண்மைதான். அக்கா அங்கே விட்டுக்கொடுத்தார். கொடுத்துவிட்டுத் திருகை மூன்றில் வைத்தார்.

ஆறு வாரம் அருமையாகப் போனது. ஐந்தாவது மிதவை என்ன, ஆறாவதையும் வளைத்து வெளியே வந்தாள். தேசிய அணிக்கான தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, விழாமலேயே ஒரு திருப்பத்தில் கொக்கி விட்டுவிட்டது. பலகை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். ஈரத்தோடு வெறுங்காலில் சாமான் அறைக்குப் போனாள். கயிறு மாற்ற நானும் அங்கே இருந்தேன்.

"அஞ்சுல வைக்கா."

"உன் எடைக்கு மூணு. கொக்கியில மணல் ஏறியிருக்கும், கழுவிப் பார்க்கிறேன்."

"தேர்வுல இப்படி விட்டா என்ன பண்றது?"

"விட்டா நனைவே. விடலைன்னா ஒடிவே."

தங்கை பலகையை மேசைமேல் போட்டாள். "நான் மேல போறது உனக்குப் பிடிக்கலை. நீ நின்ன இடத்துலயே நானும் நின்னுடணும். அதானே?"

அக்கா பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பழைய பல்துலக்கியை எடுத்துக் கொக்கியைத் தேய்க்க ஆரம்பித்தார். உண்மையிலேயே மணல் வந்தது. தேய்த்து, எண்ணெய் விட்டு, தானே ஏறி மிதித்துப் பார்த்து, புத்தகத்தில் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தேர்வு நாள் காலை. காற்று கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும் என்று எல்லோரும் பறந்துகொண்டிருந்தார்கள். அக்கா மேலே அறையில் அடுத்தவருக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை பலகையோடு படகுப் பக்கம் வந்தாள்.

"அண்ணே, ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து திருகை ஏற்றினாள். ஒரு சுற்றோடு நிறுத்தவில்லை.

"அக்கா பார்த்தாங்களா?"

"அவதாண்ணே கொஞ்சம் ஏத்திக்கச் சொன்னா."

பொய் என்று எனக்குத் தெரியும். அந்தத் திருகை இன்னொரு ஆள் தொட அக்கா விட்டதே கிடையாது. சோதனை முடிந்த பலகையை யாராவது தொட்டால் திரும்பவும் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் டிரைவர் படகை எடுக்கக் கூடாது, விதி அதுதான். ஆனால் வரிசையில் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். நடுவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் படகை எடுத்தேன்.

மூன்றாவது சுற்று, நாலாவது மிதவை. சாய்ந்தவள் கொஞ்சம் கூடுதலாகவே சாய்ந்துவிட்டாள். முன்பக்கமாகக் கவிழ்ந்தபோது பின்கால் பட்டையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. முன்கால் வரவில்லை. ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் உடம்பு ஒரு பக்கம் சுழன்றது, அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு பலகை அதன் போக்கில் சுழன்றது. படகைத் திருப்பிக்கொண்டு போனபோது அவள் கத்தவில்லை. வாயைத் திறந்து காற்றை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே கால் வேறு யாருடையதோ போல இருந்தது.

கரைக்குக் கொண்டு வருவதற்குள் அக்கா செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி வந்துவிட்டார். பலகையைக் கழற்றினால்தான் தூக்க முடியும். குனிந்து திருகைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆறு.

ஒரு மூச்சு விடும் நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு திருகைக் கடைசி வரைக்கும் தளர்த்திக் கொக்கியை விடுவித்தார். அதற்கப்புறம் அது எந்த எண்ணில் இருந்தது என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை. பார்த்த எங்கள் மூவரைத் தவிர.

மூன்று வாரம் கழித்து அலுவலக அறையில் விசாரணை. செயலாளர், அவர் முன்னால் அந்த நீளப் புத்தகம், சக்கர நாற்காலியில் கம்பிகள் கோத்த காலை நீட்டிக்கொண்டு தங்கை, சுவரோரம் அக்கா, கதவோரம் நான். தானாகத் திருகைத் தொட்டவர்களுக்கு இரண்டு வருடம் தடை. சாமான் அறையின் பிழை என்றால் அவளுடைய இடத்தை அடுத்த வருடம் வரை ஒதுக்கி வைப்பார்கள். இது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"புத்தகத்துல மூணுன்னு இருக்கு. மூணுல இருந்தா திறந்திருக்கணும். நீ தொட்டியாம்மா?" என்றார் செயலாளர்.

"அந்தத் திருகு பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது சார். எல்லாம் அக்காதான் பார்ப்பா."

அக்காவின் தலை நிமிரவில்லை.

"டிரைவர், நீங்க ஏதாவது பார்த்தீங்களா?"

விதியை மீறிப் படகெடுத்தது தெரிந்தால் என் லைசென்ஸ் போகும். "இன்ஜினைப் பார்த்துட்டிருந்தேன் சார். கவனிக்கலை" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

ரப்பரக்கா தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை காலில் இருந்த கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல சார்."

அன்றோடு அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். 'சாமான் அறைப் பொறுப்பாளரின் கவனக்குறைவு' என்று ஒரு தாளை அறிவிப்புப் பலகையில் குத்தினார்கள். படகுச் சாவி எடுக்கப் போகும்போதெல்லாம் அது என் கண்ணில் படும்.

ஒதுக்கி வைத்த இடம் தங்கைக்கு உதவவில்லை. அடுத்த வருடம் திரும்ப வந்தாள், இரண்டு சுற்று ஓட்டினாள், அந்தக் காலில் பாரம் வைக்கப் பயந்து நேராகவே நின்றாள். பிறகு வரவில்லை. இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி.

மூன்று வருடம் கழித்து ஒரு சாயங்காலம் அக்காவைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். சீருடை தைக்கும் இடம் ஒன்றில் காஜா எடுக்கும் மெஷினில் வேலையாம். புடவையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. நலம் விசாரித்துவிட்டுப் போயிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"அக்கா, அன்னைக்கு ஸ்க்ரூ டிரைவர் குடுத்தது நான்தான்."

"தெரியும். கரையில வேற யார்கிட்ட இருக்கும்?"

"நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா தம்பி. சொல்லியிருக்கணும்."

பரவாயில்லை என்று சொல்வார் என நான் எதிர்பார்த்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"நீங்க ஏன்க்கா சொல்லலை?"

"கால் ஒடிஞ்சு உட்கார்ந்திருக்கிறவமேல அக்காவே பழி போடணுமா? அவ வாயால வரட்டும்னு இருந்தேன்." கையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துப் போட்டார். "ஏழு மாசம் குளிப்பாட்டி விட்டேன். முதுகு தேய்க்கும்போது சொல்வான்னு நினைப்பேன். மூஞ்சியப் பார்க்க வேண்டாம்ல, சொல்றது சுலபம்."

"சொன்னாளா?"

"ஒரு நாள் இழுத்து மூச்சு விட்டுட்டு 'அக்கா'ன்னா. நானும் கையை நிறுத்திட்டேன். தண்ணி சூடு ஜாஸ்தியா இருக்குன்னா."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இப்பவும் ஒரே வீடுதானாக்கா?"

"வேற எங்க போக? காலையில அவளுக்கு மாடிப்படி இறங்கக் கை குடுக்கணும். குடுக்கிறேன்."

"செயலாளர்கிட்ட இப்பவாவது போய்ச் சொல்லிடறேன்க்கா."

"சொல்லுங்க, சொல்லாதீங்க. எனக்காகன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. உங்க மனசு லேசாகணும்னா அதுக்கு நான் ஆள் இல்ல."

பஸ் வந்தது. கூட்டத்தில் முண்டியடித்து ஏறிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை செயலாளர் அறைக்குப் போனேன். லைசென்ஸைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஸ்க்ரூ டிரைவர், ஆறாம் எண், என் பொய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மூணு வருஷம் ஆச்சேப்பா. ஃபைல் மூடியாச்சு. இப்ப எதுக்குப் பழசைக் கிளறிக்கிட்டு?"

"அந்த நோட்டீஸையாவது எடுத்துடலாம் சார்."

"அதைப் போன மாசம் பெயின்ட் அடிக்கும்போதே எடுத்துப் போட்டாச்சே, பார்க்கலையா?" என்றவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டாவது படகில் டீசல் கசிகிறதாமே, போய் என்னவென்று பார் என்றார்.

லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். குழாய் ஒன்று விரிசல் விட்டிருந்தது. மாற்றினேன்.