புண்ணில் கரையும் இறால் ஓடு

“…வாய் வழியாப் போனா என்னங்க சாமி, கால் வழியாப் போனா என்னங்க? ரெண்டும் உள்ளதானுங்க போவுது?”

நான் கட்டுப் போட வைத்திருந்த மேசையிலிருந்து காலை இழுத்துக்கொண்டு அந்த மனிதர் இப்படிக் கேட்டதற்குக் காரணம் என் வாய்தான். அது லேசில் அடைகிற வாய் இல்லை. எங்கள் ஊர் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு சிறிய மருத்துவமனையில் பல வருடமாகப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறேன். படித்து வந்தவனில்லை, பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே பிரித்தால் வலி குறையும் என்பது நானாகக் கண்டுபிடித்த வைத்தியம். அன்று அந்தப் பேச்சே வினையானது.

அவர் நாமக்கல் பக்கம் கோழித் தீவன ஆலையில் மூட்டை தூக்குகிறவர். பழனிக்குப் பாதயாத்திரை போக மாலை போட்டிருந்தார். மாலை போட்டால் கவிச்சி கிடையாது, செருப்பும் கிடையாது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டைவிரலுக்கு அடியில் ஆணி ஏறியதே, வாசலில் ரத்தத் தடத்தைப் பார்த்து மனைவி கத்திய பிறகுதான் தெரிந்தது. இரண்டு வாரமாகியும் புண் மூடவில்லை. காஸ் துணி ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போதெல்லாம் புதிதாக வளர்ந்த தசையையும் பிய்த்துக்கொண்டு வந்தது. எலும்புக்கு இறங்கினால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டைவிரல் போன காலோடு, மூட்டையைச் சுமந்து லாரிப் பலகை ஏறுவது எப்படி?

அதனால்தான் டாக்டர், காஸுக்குப் பதிலாகக் கைட்டோசான் பட்டை வைக்கச் சொல்லி எழுதியிருந்தார். அதை வைக்குமுன் ஒன்று கேட்டே ஆக வேண்டும்.

“இறால், நண்டு தின்னா உடம்பு தடிக்குமாங்க?”

“மாலை போட்டவங்கிட்டக் கேக்கற கேள்வியா சாமி இது?”

“இப்ப இல்லீங்க, முன்னாடி?”

“முன்னாடி சட்டியோட தின்னவனுங்க. ஒண்ணும் ஆனதில்ல. ஏனுங்க கேக்கறீங்க?”

இரண்டு வார்த்தையில் முடித்திருக்கலாம். எனக்கு அது வராது. இறால் ஓட்டை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைப் போக்கி, காரத்தில் வேகவைத்துப் புரதத்தைப் போக்கினால் மிஞ்சுவது கைட்டின். அதையே இன்னும் கடுமையான காரத்தில் போட்டெடுத்தால் கைட்டோசான். ரத்தத்தை உறையவைக்கும், கிருமியை அடக்கும், கலங்கிய தண்ணீரைக்கூடத் தெளியவைக்கும் என்று மருந்து விற்பனைக்காரர் எனக்குச் சொன்னதையெல்லாம் அடுக்கினேன். “பிய்ச்சு எடுக்கற வேலையே இல்லீங்க, புண்ணுலயே கரைஞ்சிரும்” என்று பெருமையாக முடித்தேன்.

அப்போதுதான் காலை இழுத்துக்கொண்டார்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க, மில்லுல கருவாட்டு மூட்டையும் இறால் தூளும் தெனம் சொமக்கறீங்களே, அப்ப முருகன் கண்ண மூடிக்கிட்டாரா?”

“அது முதுகுல புள்ள. குளிச்சாப் போயிரும்” என்றவர், என் பக்கம் திரும்பித்தான் வாய் வழியா, கால் வழியா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அந்த அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினார். ஏதாவது சொல்லிச் சமாளி என்று அர்த்தம். காளானிலிருந்தும் இதே பொருளை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ‘நான் மாத்திச் சொல்லிட்டேன், இது காளானுங்க’ என்றால் போதும், விரல் பிழைத்தாலும் பிழைக்கும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மாலை போட்டவர்கள் யாரைப் பார்த்தாலும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னைக் கூப்பிட்டதும் அந்த வழக்கத்தில்தான். இருந்தும், அப்படிக் கூப்பிட்ட மனிதரின் முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

“ஆமாங்க, உள்ளதான் போகும்” என்றேன். “வேண்டாம்னா பழைய காஸே கட்டறேன். ஆனா விரலுக்கு உறுதி சொல்ல முடியாதுங்க.”

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, யாத்திரைக் கூட்டத்தை நடத்திப் போகும் குருசாமியைக் கூப்பிட்டார்.

“சாமி, இந்த வருசம் நான் நடக்கலீங்க. மாலையக் கழட்டிக்கறேன்… இல்லீங்க, சாவுத் தீட்டெல்லாம் ஒண்ணுமில்ல, ஊட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்கறாங்க. காலுதான்… கூட்டத்தோட வர்ற சமையல் வண்டியில எடமிருந்தாச் சொல்லுங்க. காய் அரிய வாரேன்.”

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளாலும் அந்தக் காலைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.