மழை டீம்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நாங்கள் மூணு பேர் ஒரே ரூமில் வெடிக்குழாய்களில் மருந்து செலுத்தினோம். ஒரு சித்திரை மதியம் ரூம் வெடித்தது. நானும் கூட்டாளியும் வெளியே ஓடிவந்துவிட்டோம். எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவன் வரவில்லை.

அதுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் சிவகாசியில் பிரவுசிங் சென்டருக்குப் போவோம். அங்கே கம்ப்யூட்டரில் விசித்திர மிருகங்களை மோதவிடுகிற ஆட்டம் உண்டு. ஆளுக்கு ஆறு மிருகம். கூட்டாளி முழுக்கத் தண்ணி மிருகமாகவே சேர்த்தான். முதல் மிருகம் இறங்கினதும் மழை பெய்யும். மழையில் மற்றதெல்லாம் வேகமெடுக்கும். எதிராளியின் நெருப்பு நமுத்துப்போகும்.

"நெருப்பு ஒண்ணு சேத்துக்கோலே, அடி பலமா இருக்கும்" என்றேன்.

"மழை பெஞ்சா கம்பெனி லீவுதானலே. எல்லாரும் வீட்டுக்குப் போயிரலாம்" என்றான்.

அந்த டீமை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. அப்புறம் அச்சாபீசில் வேலை பார்க்கிற ஒருத்தன் வெயில் டீம் கட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னைக்கு உன் கம்மாயை வத்த வைக்கேன் பாருலே" என்றான்.

அவன் மிருகம் இறங்கியது. மழை நின்றது. திரை முழுக்க வெயில் அடித்தது. நெருப்பு மிருகம் வாயைத் திறந்தது.

பார்த்தால் நான் தெருவில் செருப்பில்லாமல் நிற்கிறேன். பக்கத்தில் கூட்டாளி. யார் முதலில் ஓடினது என்று தெரியாது.

"ஆட்டம் இன்னும் முடியலலே, உள்ள வாங்கலே" என்று அச்சாபீஸ்காரன் கூப்பிட்டான்.

நாங்கள் போகவில்லை. இன்னும் ஒருத்தன் வரவேண்டியிருந்த மாதிரி ரெண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.