அரை அரக்கனுக்கு ஒரு பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஹில்டா முதலில் மின்விசிறியை நிறுத்துவார். மே மாதமானாலும் அப்படித்தான். மேசையில் பரப்பிய காகிதங்களில் கோட்டை, அகழி, சுரங்கம் எல்லாம் பென்சிலில் வரைந்திருக்கும். "ஒரு காத்து அடிச்சா கோட்டையே அலமாரிக்கு அடியில போயிடும்பா" என்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் மூன்று பேரும் கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொள்வார்கள். பிறகு ஒரு மடக்கு வெந்நீர், ஒரு சின்னச் செருமல். "எல்லாரும் லைன்ல இருக்கீங்களா?" ஆட்டம் தொடங்கிவிடும்.

வார நாட்களில் ஹில்டா பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். கூப்பிடுகிறவர் பெயர் சொல்வதற்கு முன்பே, மூச்சு வாங்குவதை வைத்து ஆள் யாரென்று சொல்லிவிடுவார். முதலாளியிடம் ஒரு குரல், கடன் கேட்டு வருகிற ஏஜெண்டிடம் ஒரு குரல், ஜெர்மனிக்காரனிடம் வேறொரு குரல். அத்தனை குரல்களும் ஞாயிற்றுக்கிழமை கிழக்குத் தாம்பரத்து வீட்டுக் கூடத்தில் வேலைக்கு வரும். கிழட்டு ராஜாவாகவும், பாலத்தடியில் ஒளிந்திருக்கும் பூதமாகவும், சுங்கச்சாவடியில் லஞ்சம் கேட்கும் குள்ளனாகவும் அவரே பேசுவார்.

ஆட்டத்துக்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கு ஒரு பாத்திரம். ஹில்டா நிலைமையைச் சொல்வார். அவரவர் ஆள் என்ன செய்கிறான் என்பதை அவரவர் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருக்கும் அண்ணன் சாலமோன் எண்பத்து மூன்றில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இந்த ஆட்டத்தின் விதிப் புத்தகத்தையும் பகடைகளையும் வாங்கி வந்தார். பகடை என்ற சொல் எப்படியோ சபைக்கு எட்டி, சூதாட்டமோ என்று மூப்பர் ஒருவர் விசாரிக்க வந்தார். அரைமணி நேரம் வாசலோரமாக உட்கார்ந்து பார்த்தார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஹில்டாவைத் தனியே அழைத்து, "ஏம்மா, அந்தக் கதவைத் திறந்தீங்களே, உள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

ஆடுகிறவர்கள் மூன்று பேர். குரோம்பேட்டை ஸ்ரீரங்கன் இன்சூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா, ஆட்டத்தில் போர்வீரன். ரமா மாடம்பாக்கத்தில் கணக்கு டீச்சர், ஆட்டத்தில் மந்திரக்காரி. மூன்றாவது ஆள் சேட்டு. தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஸ்கூட்டர் மெக்கானிக். நிஜப்பெயர் ரவி. அப்பா வடக்கேயிருந்து துணி விற்க வந்தவர். ரவிக்கு நாலு வயதில், ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவர் வரவே இல்லை. அந்த வடக்கத்தி அப்பாவுக்காகத் தெரு வைத்த பெயர்தான் சேட்டு. ஆட்டத்தில் அவன் அரை அரக்கன்: தாய் மனுஷி, தகப்பன் அரக்கன். பெயர் மலையாண்டி. ஏழு வருஷத்தில் மலையாண்டி இரண்டு விரல்களை இழந்திருந்தான், ஒரு கோவேறு கழுதையைச் சம்பாதித்திருந்தான். எந்தப் பாலமானாலும் முதலில் கால் வைக்கிறவன் அவன்தான்.

தொண்ணூறாம் வருஷம் ஆகஸ்டில் சாலமோன் விதிப் புத்தகத்தின் புதிய பதிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். கெட்டி அட்டை, வழவழத்த தாள். ஹில்டா மூன்று வாரம் ரயிலில் போகும்போதும் வரும்போதும் படித்தார். பிடித்திருந்தது. பழைய புத்தகத்தில் ஒரு வெட்டு விழுந்ததா இல்லையா என்று பார்க்க நாலு அட்டவணை புரட்ட வேண்டும். இதில் ஒரு கழித்தல் போதும். முப்பத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோதுதான் கவனித்தார். ஆட்டத்தில் எந்தெந்த இனத்தாராகப் பிறக்கலாம் என்ற வரிசையில் அரை அரக்கர் இல்லை. எடுத்துவிட்டிருந்தார்கள். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு புத்தகம் மேசைக்கு வந்தது. ஸ்ரீரங்கனுக்குத் தலைகால் புரியவில்லை. "இதான் மேடம் ஆட்டம்! இனிமே பழசு வேண்டாம், முழுக்க இதுலயே ஆடிடுவோம்" என்றார். ரமாவுக்கு அரை மனசு. "மந்திரமெல்லாம் நல்லா வகுத்திருக்காங்க. ஆனா படம் மட்டமா இருக்கு. என்னோட ரெண்டு மந்திரத்துக்கு வலுவும் குறைஞ்சிருக்கு."

சேட்டுவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக ஓடாது. படம் படமாகப் புரட்டினான். பழைய புத்தகத்தில் எல்லா இனத்தாரும் உயர வரிசையில் நிற்கும் படம் ஒன்று உண்டு; தாடை துருத்திய ஆள் கடைசியில் நிற்பான். புதியதிலும் அந்த மாதிரி வரிசை இருந்தது. சேட்டு விரல் வைத்து எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"என் ஆள் எங்கக்கா?"

ஸ்ரீரங்கன்தான் பேசினார். "எடுத்துட்டாங்க போல. அதனால என்ன சேட்டு, மலையாண்டிய மனுஷனாவே வெச்சுக்கோயேன். என்ன கெட்டுப்போச்சு?"

"அவன் மனுசனா இருந்தா அவன் கதையே வேற சார்." சேட்டு எழுந்தான். "கடைல வேல கீது. வர்றேன்க்கா."

ஞாயிற்றுக்கிழமை அவன் கடைக்கு விடுமுறை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவன் வரவில்லை. மற்ற இருவரும் புதிய விதிப்படி ஆடினார்கள். சண்டைகள் சட்டென்று முடிந்தன. ஆட்டம் நன்றாகவே போயிற்று, அதை ஹில்டாவும் மறுக்கவில்லை. இரண்டாவது வாரம் ஒரு தொங்குபாலம் வந்தது. ஸ்ரீரங்கன் ரமாவைப் பார்த்தார். ரமா ஸ்ரீரங்கனைப் பார்த்தார். "டீ குடிச்சிட்டு ஆடலாமே" என்றார் ரமா. டீக்குப் பிறகும் யாரும் பாலத்தில் ஏறவில்லை.

திங்கட்கிழமை மாலை ரயிலை விட்டு இறங்கி ஹில்டா நேராக மார்க்கெட்டுக்குப் போனார். சேட்டு ஒரு ஸ்கூட்டரின் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா, வண்டி கிண்டி எதுனா?"

"எங்கிட்ட ஏதுடா வண்டி. சொல்ல வேண்டியதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். உன் ஆள் அதுல இல்லேன்னு அந்த ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

"அப்பால ஏன் சொல்லல?"

"சொன்னா வராம பூடுவியோன்னு."

அவன் பேச்சு அவர் வாயில் வந்ததைக் கேட்டு சேட்டு லேசாகச் சிரித்தான். பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "ஸ்கூல்ல அப்பா பேரு எழுதுற எடத்துல ஒரு கோடு இஸ்து வுட்டாங்கக்கா. வாத்தியார் ஒண்ணும் திட்டல. கோடு போட்டுட்டு அடுத்த பையனக் கூப்ட்டார். உன் பழைய புக்குலதான் அந்த மாரி ஒருத்தனுக்குத் தனியா ஒரு பக்கம் குடுத்திருந்தான். பேஜார் புடிச்ச ஆட்டம்தான், வுடு. நீங்க ஆடுங்க."

ஹில்டா வீட்டுக்கு நடந்தார்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. கம்பெனியிலிருந்து கிளம்புவதற்கு முன் ஹில்டா, சேட்டு கடைக்குப் பக்கத்து மருந்துக் கடைக்கு போன் போட்டு, "ரவியக் கூப்பிடுங்க" என்றார். எந்த ரவி என்று கேட்டார்கள். விளக்கிச் சொன்னார். அவன் வந்து எடுத்ததும், "நாளைக்கு மூணு மணி. பாலத்துல நிக்கிறோம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மைதா மாவில் பசை காய்ச்சினார். கணவர் வேதசிரோமணியின் பிளேடு ஒன்றை எடுத்து, பழைய புத்தகத்தில் அரை அரக்கர் தாளைத் தையலோரமாக நறுக்கினார். செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்திய வேதசிரோமணி, "ஒரு தாளுக்காக ரெண்டு புக்கையும் பாழ் பண்றியா?" என்றார். ஹில்டா புதிய புத்தகத்தின் முப்பத்து மூன்றாம் பக்கத்தை விரித்துத் தாளை ஒட்டினார். மேலே ஒரு இட்லித் தட்டைப் பாரமாக வைத்தார்.

மறுநாள் சேட்டு வந்தான். காலைக் கழுவிவிட்டு, அவன் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு வந்தான். ஹில்டா புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினார். பழைய தாள் பழுப்பேறி, புதிய தாள்களைவிட அரை அங்குலம் குறைவாக இருந்தது. சேட்டு அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினான். பசை பிடித்திருக்கிறதா என்று மெல்ல இழுத்துப் பார்த்தான். பிடித்திருந்தது.

"ரெண்டையும் கலந்தா கணக்கு உதைக்குமே மேடம்" என்றார் ஸ்ரீரங்கன்.

"உதைக்கிற எடத்துல நான் பாத்துக்கறேன்."

"சார், மொதல்ல பாலத்தைத் தாண்டுவோம்" என்றார் ரமா.

ஸ்ரீரங்கன் விடவில்லை. புத்தகத்தை வாங்கி முன்பக்கத்தைத் திருப்பினார். "அது சரி, பொருளடக்கத்துல இது இல்லையே? யாராவது தேடினா எப்படிக் கிடைக்கும்?"

ஹில்டா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவைத் திறந்து, அச்சடித்த இரண்டு இங்கிலீஷ் வரிகளுக்கு நடுவே இருந்த இடுக்கில், எழுத்தைப் பொடியாக்கி எழுதினார்: அரை அரக்கர் – 33அ. பிறகு குனிந்து, மை காயும்வரை அதன்மேல் ஊதிக்கொண்டிருந்தார்.