முத்தக் காய்ச்சலும் மாமனாரின் ரத்தமும்

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்து மூன்று மாத லீவில் துபாயிலிருந்து வந்திருந்தேன். மாப்பிள்ளைக் களை வரவேண்டிய நேரத்தில் கழுத்தில் நெறி கட்டிவிட்டது. இரண்டு காதுக்கும் கீழே புளியங்கொட்டை போல வீக்கம், விடாத காய்ச்சல். எங்கள் ஊர் லப்பைக்குடிகாட்டில் ஒருவன் கழுத்தைத் தடவிக்கொண்டு இரண்டு கடை தாண்டினால் போதும், மூன்றாவது கடையில் அவனுக்கு கேன்சர் என்று முடிவு செய்துவிடுவார்கள். அந்தச் செய்தி பெண் வீட்டுக்கும் போய்விட்டது.

மாமனாராகப் போகிறவர் மறுநாளே வந்து நின்றார். "டாக்டர் வாயால நானே கேக்கணும். அப்புறந்தான் பத்திரிகை அடிக்கிறதெல்லாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் என்றிருந்தேன். நோயைவிட, அவள் கைநழுவிப் போய்விடுவாளோ என்றுதான் பயந்தேன்.

பெரம்பலூரில் டாக்டரம்மா கழுத்தை அழுத்திப் பார்த்து ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் வந்த அன்று நானும் மாமாவும் அவர் எதிரே உட்கார்ந்திருந்தோம்.

"பயப்பட ஒண்ணுமில்லங்க. வைரஸ் காய்ச்சல்தான். அந்தக் கிருமி புதுசா நுழைஞ்சா ஒரு எதிர்ப்புப் பொருள் ரத்தத்துல வரும். தம்பிக்கு அது நெறய இருக்கு. வீக்கம் வத்தலேன்னா மட்டும் திரும்ப வாங்க."

அல்ஹம்துலில்லாஹ் என்று எழுந்திருக்க வேண்டியதுதானே? மாமா விடவில்லை. "இது எப்படிம்மா ஒட்டுது?"

"எச்சில்லதாங்க. முத்தக் காய்ச்சல்னுகூட சொல்லுவாங்க."

மாமா என் பக்கம் திரும்பினார். கேன்சர் என்றிருந்தாலாவது பரிதாபப்பட்டிருப்பார். "துபாய்ல என்ன தம்பி நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல மாமா!" என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

டாக்டரம்மா குறுக்கிட்டார். "துபாய விடுங்க. இது ஒட்டினா காய்ச்சலா வெளிய வர நாளாகும். ஒரு மாசம், ஒண்ணர மாசத்துக்கு முன்னாடி யாரோட ஒரே தட்டுல சாப்பிட்டீங்க?"

அப்போது நான் ஊரில்தான் இருந்தேன். எங்கள் நிச்சய விருந்தில் நாலு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் இதே மாமாதான். தான் ஒரு கடி கடித்துப் பார்த்து, நன்றாக வெந்திருக்கிறது என்று மீதிக் கறியை என் வாயில் திணித்தவரும் அவர்தான். சொல்லத் தைரியம் வராமல் அவரையே பார்த்தேன். புரிந்துகொண்டார்.

"நானா? மடியில கனமில்ல, வழியில பயமில்ல. என் ரத்தத்தையும் எடுங்கம்மா!"

எடுத்தார்கள். மறுநாள் டாக்டரம்மா காகிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குப் பழைய அடையாளம் இருக்குங்க. என்னைக்கோ வந்த கிருமி, உடம்புலயே தங்கிடும். சில சமயம் எச்சில்ல வரும். பெரியவங்க அநேகம் பேருக்கு இது உண்டு. உங்ககிட்டேர்ந்துதான் வந்துச்சான்னு ரத்தம் சொல்லாது."

கடைசி வாக்கியம் மாமாவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "என்னைக்கோன்னா... எப்பம்மா?"

"அதையும் சொல்ல முடியாதுங்க."

வெளியே வந்ததும் என்னை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனார். முகம் வேர்த்திருந்தது. ஏதோ பழைய கணக்கை மனதுக்குள் புரட்டுகிறார் என்று தோன்றியது. சத்தியமாக நான் கேட்கவில்லை.

"வூட்ல மாமிக்கு இது தெரிய வேணாம்."

"சொல்லமாட்டேன் மாமா."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. என் தோளில் கை போட்டுக்கொண்டு கேட்டார்: "நிக்காஹ்வ இந்த வெள்ளிக்கிழமையே வச்சுக்கிட்டா என்ன?"