துடக்கு வீட்டு அலாம்

அந்த அலாமின் பற்றரியைக் கழற்றியவன் நான்தான். நகரசபை ஆய்வாளரைப் பொய் சொல்லித் திருப்பி அனுப்பியவனும் நான்தான். இதைக் கேட்ட பிறகும் என் பகிடிகளுக்குச் சிரிப்பீர்களா... தெரியவில்லை.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மில்லிக்கனில் என் அக்கா, பிள்ளை பெற்ற பெண்களைத் தன் வீட்டுப் பேஸ்மென்ற்றில் வைத்துப் பராமரித்தாள். ஊரிலிருந்து வந்து பார்க்கத் தாய்மாருக்கு விசா கிடைக்காத பெண்கள். மருந்துச் சரக்குக் கறி, வெந்நீர்க் குளிப்பு, சாம்பிராணி எல்லாம் உண்டு. அனுமதிப்பத்திரம் மட்டும் இல்லை. நான் அங்கே சாரதி, எடுபிடி, சம்பளமில்லாத கோமாளி.

கரிச்சட்டியில் சாம்பிராணி போட்டாலே அலாம் அலறும். புகைக்கும் நச்சுவாயுவுக்கும் சேர்த்து மாட்டியது அது. குழந்தை அதைவிட அலறும். பற்றரியைக் கழற்றி ரீவி ரிமோட்டில் போட்டேன். என்ன மூளை எனக்கு!

அன்று கடும் குளிர். காற்றுப் புகாதபடி யன்னலுக்குப் பிளாஸ்ரிக் ஒட்டியிருந்தோம். கீழே நிர்மலாவும் அவளுடைய பச்சைக் குழந்தையும். தேநீர் கொண்டுபோனேன். சட்டி மூலையில் கனன்றுகொண்டிருந்தது.

"அண்ணை, தலை இடிக்குது. வயித்தைப் பிரட்டிச் சத்தி வாற மாதிரியும் கிடக்கு."

"பிள்ளை பெத்தது நீர். பிறகு தலையிடி எனக்கே வரும்?"

பாவம், சிரித்தாள்.

வாசல் மணி அடித்தது. அக்கா படியில் நின்று கிசுகிசுத்தாள்: "சிற்றியாலை ஒரு பொம்பிளை வந்து நிக்கிறா. கீழ மட்டும் விடாதை."

பேஸ்மென்ற்றைப் பார்க்க வேண்டும் என்றார் வந்த நகரசபை ஆய்வாளர். அலாம் வேலை செய்கிறதா என்றும் கேட்டார். ஆம்... அதையே கேட்டார்.

அப்போதுதான் துடக்கு என் நாக்கில் வந்து குந்தியது. பிள்ளை பிறந்த வீடு, சமயத் தீட்டு, வெளியாள் இறங்கினால் குழந்தைக்கு ஆகாது என்று ஆங்கிலத்தில் அவிழ்த்துவிட்டேன். துடக்கு அறையிலேயே குந்தியிருந்து மீன் பொரியல் தின்கிறவன் நான்! அவரோ மரியாதை தெரிந்த மனுஷி. மன்னிப்புக் கேட்டு, வேறொரு நாள் வருவதாகச் சொல்லிப் போனார்.

அக்காவும் நானும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு கிரிக்கெட் பார்த்தேன். ரிமோட் நன்றாகவே வேலை செய்தது.

"பால் நேரம் தாண்டிட்டுது. பிள்ளையின்ரை சத்தத்தைக் காணேல்லை," என்றாள் அக்கா.

இறங்கினேன். நிர்மலா கட்டிலோரம் சரிந்து கிடந்தாள். குழந்தை என் கையில் ஈரத் துணிபோல் துவண்டது. இருவரையும் வெளியே பனிக்குள் கொண்டுவந்து போட்டோம். அம்புலன்ஸ் வந்தது. பிழைத்தார்கள்.

அலாமைப் பற்றி விசாரித்தார்கள். பற்றரி செத்துப்போயிருக்கும் என்றேன். நான் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

வீட்டுத் தொழில் அத்தோடு நின்றது. நிர்மலாவின் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். சொற்கள் மட்டும் அவனுக்குப் பிந்தித்தான் வருகின்றன. அந்தக் கரிப்புகையாலா, பிறவியா... வைத்தியர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. அந்த அலாம் அடித்திருந்தால்? அந்த மனுஷி இறங்கியிருந்தால்? நீங்களாவது சொல்லுங்கள்.

அவனுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நிர்மலா என்னை அழைக்கிறாள். முதல் துண்டு கேக் எனக்குத்தான்.

"மாமாக்குக் குடு, அப்பன். இவர்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்."

அவன் தட்டை நீட்டுகிறான். வாயைத் திறந்து, எனக்கான சொல்லைத் தேடுகிறான். எல்லோரும் காத்திருக்கிறார்கள். அந்த மௌனம் எனக்குத் தாங்குவதில்லை... ஏதாவது பகிடி விட்டுவிடுகிறேன்.