டைனோசர் முட்டை என்று சொன்ன குரல்

அன்று காலையிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரருக்காக ஒரே பச்சையைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தேன். என் திரையில் அது வாழையிலைப் பச்சை. அவருடைய செல்போனில் குளத்துப் பாசி. "நீங்க அனுப்புறது ஒண்ணு, எனக்கு வர்றது ஒண்ணா இருக்குங்க" என்று அவர் அலுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. போனின் மேலும் தப்பில்லை. நடுவில் என் கணினி, யாரையும் கேட்காமல், அப்டேட் ஆகத் தொடங்கியது. பெரம்பலூரில் இணையதளம் செய்து பிழைக்கிறவளின் நாள் பெரும்பாலும் இப்படித்தான் போகும். கையைக் கட்டிக்கொண்டு, சுற்றுகிற வட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அரியலூரிலிருந்து அந்த அம்மா கூப்பிட்டார்.

"சாரோட வெப்சைட்டு தொறக்கவே மாட்டேங்குதும்மா. வெள்ளையா ஒரு கட்டம்தான் தெரியுது."

சார் என்றால் அவருடைய கணவர், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். அரியலூர் ஓடைகளிலும் சுண்ணாம்புக்கல் பள்ளங்களிலும் அலைந்து, கல்லாகிப்போன சிப்பிகளையும் நத்தைகளையும் பொறுக்கிச் சேர்த்தவர். நான் தொழில் தொடங்கிய புதிதில் அவருக்கு ஒரு தளம் செய்து கொடுத்தேன். திரையில் ஒரு கல்லின் படத்தைச் சொடுக்கினால் அது மெல்லச் சுழலும். அதைப் பற்றி அவரே பேசுவார். அதைச் செய்த நாட்களில் சாப்பாடுகூட நினைவுக்கு வராது. கணினியால் ஆகாதது எதுவுமில்லை என்று நம்பிய வயது.

கல்லைச் சுழலவிட்ட அந்த அனிமேஷன் நுட்பத்தைப் பிற்பாடு எல்லா பிரவுசர்களும் கைவிட்டுவிட்டன. நான் அப்போது ஆசையாகச் செய்த பல தளங்கள் அப்படித்தான் வெள்ளைக் கட்டங்களாயின.

"படங்கள மட்டும் புதுசா போட்டுத் தரட்டுமாம்மா?" என்றேன்.

"படம் எதுக்கும்மா? கல்லெல்லாம் வூட்லயேதான் கெடக்கு. அவரு பேசுனதுதான் வேணும். தொண்டையில கட்டின்னு குரல்வளையவே எடுத்துட்டாங்க. ஒனக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை.

நான் வைத்திருந்த மூலப் பதிவுகள் பழைய ஹார்ட் டிஸ்க்கோடு எப்போதோ போய்விட்டன. மிச்சமிருந்தது சர்வரில் கிடந்த, மூடி முத்திரை வைத்தது போன்ற அந்த அனிமேஷன் கோப்பு மட்டும்தான். அதைப் பிரிக்கிறேன் என்று சொன்ன மென்பொருள்களில் ஒன்று என் கணினியில் ஏறவே இல்லை. இன்னொன்று பாதியில் உறைந்துபோனது. மூன்றாவது, படங்களைக் கொடுத்துவிட்டு ஒலியைக் கொடுக்கவில்லை. இந்தத் தொழிலை விட்டுவிட்டு ஏதாவது கடை வைத்தால் என்ன என்று நான் யோசிக்காத வாரமில்லை. அந்த வாரம் தினமும் யோசித்தேன்.

கடைசியில், எங்கோ ஒரு நாட்டில் யாரோ இலவசமாக எழுதிப் போட்டிருந்த சின்ன நிரல் ஒன்று அதைப் பிரித்தது. இரைச்சலுக்குள்ளிருந்து முதலில் ஒரு செருமல் வந்தது. பிறகு சார் பேசினார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அசதி போன இடம் தெரியவில்லை. எத்தனை எரிச்சல்பட்டாலும் இதை விடாமலிருப்பது இப்படி ஒரு கணத்துக்காகத்தான் போலிருக்கிறது.

சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த பஸ்ஸில் அரியலூர் போய்ச் சேர்ந்தேன். சார் கழுத்தில் ஒரு பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொரு கல்லாக ஓட்டினேன். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டார். சார் தலையைச் சாய்த்து, மாணவனின் விடைத்தாளைத் திருத்துபவர் போலக் கேட்டார்.

கடைசிக் கல் உருண்டையானது. "பாருங்க, பாருங்க! இது டைனோசர் முட்டை! நானே எடுத்தது!" என்றது குரல். மற்ற எதிலும் இல்லாத துள்ளல் அதில் இருந்தது.

சார் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். செல்போனில் தட்டி என்னிடம் நீட்டினார். 'இது தவறு. வெறும் உருண்டைக் கல் என்று பிறகு நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். இதை நீக்கிவிடுங்கள்.'

"அதெல்லாம் நீக்க வேணாம்" என்றார் அந்த அம்மா. "அதுலதான் சந்தோசமா பேசியிருக்கீங்க."

சார் மீண்டும் தட்டினார். 'பிள்ளைகள் கேட்டுத் தப்பாகப் படிப்பார்கள்.'

"படிச்சா படிச்சிட்டுப் போறாங்க. எனக்கு இது வேணுங்க."

சார் என்னைப் பார்த்தார். அந்த அம்மாவும் என்னைப் பார்த்தார். வாடிக்கையாளர்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்று இருவரும் சொன்னது சரியாகவே பட்டது.

"குரல் அப்படியே இருக்கட்டுங்க சார். கீழ நீங்க ஒரு திருத்தம் எழுதிக் குடுங்க. கேக்குறவங்க படிக்காம போக முடியாத மாதிரி போட்டுடறேன்."

அவர் செல்போனை மறுபடி கையில் எடுத்தார். தட்டத் தொடங்கினார். 'இதைச் சொன்னபோது இது டைனோசர் முட்டை என்று நம்பினேன். அல்ல என்று பின்னர் அறிந்தேன். கல் உண்மையானது.' அந்த அம்மா எட்டிப் படித்துவிட்டு, எனக்கு டீ போட எழுந்து போனார்.

புது நுட்பத்தில் மாற்றிச் செய்த தளம் இப்போது திறக்கிறது. இன்னும் சில வருடங்களில் இந்த நுட்பமும் செத்துப்போகும் என்பது எனக்குத் தெரியும். அதனால் எல்லாக் குரல்களையும் அந்த அம்மாவின் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் சாரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'நன்றி. என் போனில் திருத்தத்தின் எழுத்து மிகவும் சிறியதாகத் தெரிகிறது.'

பெருமூச்சு விட்டுவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கினேன்.